நூற்றுக்கு ஐந்து

சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற கட்டடத்தில் ஞானசேகரன் என்று ஒருவன் வந்து போனது யாருக்கும் தெரியாது. கிடைக்காத கட்டடத்தில் அவனைத் திட்டாத ஆள் கிடையாது. பல வருடமாக இதுதான் அவன் பிழைப்பு.

கட்டடத்துக்குள் ரேடியோ அலை எதுவரை போகிறது, எந்தச் சுவரில் முட்டிக்கொண்டு செத்துவிடுகிறது என்று அளப்பது அவன் வேலை. கேட்பதற்கு ஏதோ விஞ்ஞானி உத்தியோகம் போல இருக்கும். அவன் மாமனார்கூடக் கல்யாணத்தின்போது சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அது நடக்கிற வேலை. முதுகுப்பையில் நான்கைந்து கைபேசிகள், கையில் ஒரு டேப்லெட், அதன் திரையில் அந்தத் தளத்தின் வரைபடம். ஒவ்வோர் அறையாக, ஒவ்வொரு நடைபாதையாக நடக்க வேண்டும். திரும்புகிற இடத்தில் எல்லாம், இப்போது நான் இங்கே இருக்கிறேன் என்று வரைபடத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். கருவி நொடிக்கு ஒரு தடவை அளந்துகொண்டே வரும். நடந்த வழியெல்லாம் திரையில் புள்ளி புள்ளியாக விழும். நல்ல இடம் பச்சை, சுமாரான இடம் மஞ்சள், ஒன்றுமே கிடைக்காத இடம் சிவப்பு. நூறு புள்ளியில் தொண்ணூற்றைந்து சிவப்பாக இல்லாமல் இருந்தால் அந்தத் தளம் பாஸ். மிச்சம் ஐந்தை யாரும் கேட்க மாட்டார்கள். கான்கிரீட் என்று இருந்தால் எங்கேயாவது முட்டத்தான் செய்யும் என்று பெரிய மனது பண்ணி விட்டுவிடுவார்கள்.

இந்தத் தொழிலில் மீறக் கூடாத விதி ஒன்றுதான். கால் நின்றால் பதிவும் நிற்க வேண்டும். ஆள் நின்றுவிட்டது கருவிக்குத் தெரியாது. நீங்கள் பாட்டுக்கு ஒரு மூலையில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தால், அது அந்த மூலையையே திரும்பத் திரும்ப அளந்து தள்ளும். கையகல இடம் கணக்கில் கால்பந்துத் திடலாகிவிடும். கம்பெனிக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே இதை அவர்கள் காதில் போடுகிறவன் ஞானசேகரன்தான்.

அந்த வாரம் அவனுக்குத் தன் இரண்டு கால்களுமே வேண்டாத சுமையாகத் தெரிந்தன. வாரத் தொடக்கத்தில் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கோபுரம். அதை முடித்த கையோடு சாங்கியில் சரக்குக் கிடங்கு. இரும்பு அலமாரிகளுக்கு நடுவே நாள் முழுக்கத் தறிக்கு நடுவில் ஓடுகிற நாடா மாதிரி போய்ப் போய் வந்தான். வீடு தீவின் மறுகோடியில், பூன் லேயில். மனைவி அனிதா விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். அவள் செருப்பைக் கழற்றும்போது இவன் ஷூவை மாட்டுவான். சரி, கிடைத்த நேரத்தில் கண்ணை மூடலாம் என்றால் மேல் வீட்டுக்காரர்கள் குளியலறைத் தரையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கைபேசி. புராஜெக்ட் மேனேஜர் ரமணன், சென்னையிலிருந்து வந்து நாலு வருடம் ஆகிறது, கெட்ட பையன் இல்லை. ஆனால் ஒரு கேள்வி மனதில் தோன்றிவிட்டால் அது ஆறுவதற்குள் கேட்டுவிட வேண்டும் அவனுக்கு. வாட்ஸ்அப்பில் மூன்று குழு. ரயிலில் கேட்பான், கழிவறையில் இருக்கும்போது கேட்பான். ஊருக்கெல்லாம் மூலை முடுக்கு விடாமல் சிக்னல் கொண்டுபோய்ச் சேர்த்த பாவத்துக்கு, தனக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது என்று ஞானசேகரன் நினைத்துக்கொள்வான். நினைத்துக்கொண்டே பதிலும் போடுவான்.

வெள்ளிக்கிழமை தேக்கா பக்கம் ஒரு கட்டடம். கீழே கடைகள், மேலே கிளினிக்குகள், தரைக்குக் கீழே இரண்டு தளங்கள். மேல் மாடிகளை வேறொருவர் முடித்திருந்தார். அடியில் இருக்கிற பி-டூ மட்டும் பாக்கி. கார் நிறுத்துமிடம், பம்ப் அறை, குப்பை சேர்க்கிற இடம், அதற்குப் பின்னால் ஒரு நடைபாதை.

காலையில் கார் நிறுத்துமிடத்தை நடந்து முடித்தான். பிழையில்லை, ஏறக்குறைய எல்லாம் பச்சை. பின்நடைபாதைக்கு வந்ததும் ஒரு கனத்த இரும்புக் கதவு. தள்ளிக்கொண்டு போய் ஒரு திருப்பம் திரும்பியதும் திரையில் மஞ்சள் விழுந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தான், சிவப்பு. ஒரு பக்கம் தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டியின் சுவர். கான்கிரீட்டும் அதற்குப் பின்னால் தண்ணீருமாகச் சேர்ந்தால் எந்த அலையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. படிக்கட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு பொந்து. அங்கே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் வலது காலைத் தூக்கி வைத்து, ஓர் அம்மாள் படுத்திருந்தார்.

ஞானசேகரன் விரல் பழக்கத்தில் பதிவை நிறுத்தியது. கால் நின்றுவிட்டதல்லவா.

அந்த அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவசரமாக எழுந்திரிக்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"படுங்கம்மா, படுங்க. நான் மேனேஜ்மென்ட் ஆள் இல்ல. லைன் செக் பண்ண வந்திருக்கேன்."

"தமிழாளா நீங்க?" அவருக்கு மூச்சு வந்தது. "மண்டோர் அனுப்பிட்டாரோன்னு பயந்துட்டேன் தம்பி."

பெயர் மரியம்மாள். அறுபதைத் தாண்டியவர். இந்தக் கட்டடத்தின் கழிவறைகளையும் நடைபாதைகளையும் சுத்தம் செய்கிறவர்களில் ஒருவர். அவர்களை வேலை வாங்குகிற மேற்பார்வையாளர்தான் மண்டோர். பக்கத்திலேயே பஃபலோ ரோடு அடுக்குமாடி புளோக்கில் வீடு. மணிக்கட்டில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை கட்டியிருந்தார். ஞானசேகரன் அதைப் பார்ப்பதைக் கண்டு கையைத் தூக்கிக் காட்டினார்.

"போன வருஷம் மாட்டி விட்டாங்க. நான் எங்க இருக்கேன்னு மண்டோர் போன்ல தெரியுமாம். பத்து நிமிசம் ஒரே எடத்துல நின்னா கீ கீன்னு கத்தும், அங்க அவருக்கும் காட்டும். நாலஞ்சு தடவ காட்டிருச்சுன்னா வேற சைட்டுக்கு மாத்திருவாங்க. இங்க மட்டும் கத்தாது. ஏன்னு தெரியல."

"இங்க சிக்னல் இல்லம்மா. அதான் கத்தல."

"அப்ப அவரு என்னைய தேட மாட்டாரா?"

"அண்டர்கிரவுண்ட்ல இருக்கீங்கன்னு நெனச்சுக்குவாரு."

மரியம்மாள் அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க செக் பண்ணி என்ன பண்ணுவீங்க தம்பி?"

இந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறான். எங்கே இல்லையோ அங்கே ஆன்டெனா வைத்துச் சிக்னல் வரச் செய்வோம். இன்றைக்கு அது வாயில் வர மறுத்தது. மெதுவாகத்தான் சொன்னான்.

அந்த அம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டார். "ரெஸ்ட் ரூம் ஆறாவது மாடியில குடுத்திருக்காங்க. சர்வீஸ் லிஃப்டுக்கு நின்னு ஏறிப் போயி உக்காந்தா, எறங்குற டயம் வந்துரும். நாற்காலிதான் இருக்கு, கால நீட்ட முடியாது. மத்தியானம் ஒரு அர மணி கால நீட்டிட்டேன்னா சாயங்காலம் வரைக்கும் ஓட்டிருவேன். இல்லன்னா முட்டி பந்து மாதிரி வீங்கிரும். இந்த எடத்த மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் செய்ய முடியுமா தம்பி?"

"இங்க உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா யாருக்கும் தெரியாதேம்மா."

"ஆகாம இருக்கத்தான் இங்க வந்து படுக்குறேன்."

ஞானசேகரன் டேப்லெட்டைப் பார்த்தான். மனக்கணக்குப் போட்டான். தீயணைப்புக்காரர்களின் ரேடியோவுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது, அது இந்த மூலைவரை வருகிறது, ஆகவே அந்தப் பயம் இல்லை. பி-டூ பெரிய தளம். இந்தப் பொந்தும் அதைச் சுற்றின நடைபாதையும் நடந்து கடக்க ஒரு நிமிடம் ஆகுமா? நூற்றுக்கு மூன்றுகூட வராது. ஒரு பொய் சொல்ல வேண்டாம், ஒரு புள்ளியை மாற்ற வேண்டாம். ஒழுங்காக நடந்தாலே போதும், இந்த இடம் யாரும் கேட்காத அந்த ஐந்துக்குள் பேசாமல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"அம்மா, நீங்க கவலப்படாதீங்க. இது அஞ்சுக்குள்ள அடங்கிரும்."

"அப்படின்னா?"

"இந்த எடத்த யாரும் தொட மாட்டாங்கன்னு அர்த்தம்."

"நல்லாருப்பீங்க தம்பி," என்றார் மரியம்மாள், காலை மறுபடி வாளிமேல் தூக்கி வைத்துக்கொண்டு. அவன் அவரை நிம்மதியாகப் படுக்க விட்டுவிட்டு, பம்ப் அறைப் பக்கத்தை முதலில் முடிக்கலாம் என்று திரும்பி நடந்தான்.

பம்ப் அறை முடிந்து, குப்பை சேர்க்கிற இடமும் முடிந்தது. தேக்கா சந்தைச் சந்தடியில் ஒரு பிராட்டாவைத் தின்று, நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்தான். அதற்குள் ரமணன் மூன்று முறை கூப்பிட்டுவிட்டான். பி-டூ முடிஞ்சுதா, எப்ப அப்லோட் ஆகும், கிளையன்ட் கேக்குறான். இதோ, இன்னும் ஒரு நடைபாதைதான் என்று சொல்லிவிட்டு ஞானசேகரன் கீழே இறங்கினான்.

இரும்புக் கதவைத் தாண்டி, திருப்பத்தில் வரைபடத்தைத் தொட்டு, பதிவை ஓட விட்டு நடந்தான். பொந்து காலியாக இருந்தது. மரியம்மாள் வேலைக்குப் போயிருந்தார். அட்டையை மடிக்காமல் விட்டிருந்தார். சுவருக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிற குளுமை. இரண்டு எட்டில் கைபேசி வாயை மூடிக்கொண்டது. ஊமையாகிவிட்டது என்றால் அப்படி ஓர் ஊமை. காலையிலிருந்து ஷூவுக்குள் ஒரு பொடிக்கல் உறுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு நடப்போம் என்று அட்டைமேல் உட்கார்ந்தான். ஒரு நொடிதானே என்று பதிவை நிறுத்தவில்லை. கல்லை எடுத்தான். ஷூவை மாட்டவில்லை. முதுகுப்பையோடு சுவரில் சாய்ந்தான். எத்தனையோ மாதமாக அவனைத் தேடி வராத தூக்கம், அங்கே அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

விழித்தபோது இருட்டு. எங்கே இருக்கிறோம் என்றே பிடிபடவில்லை. மடியில் டேப்லெட் மட்டும் மங்கலாக ஒளிர்ந்தது. திருப்பம்வரை தடவிக்கொண்டு வந்தால் இரும்புக் கதவும் சாத்தியிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் இந்தக் காலத்து விளக்குகள் தானே அணைந்துவிடும், கதவும் தானே சாத்திக்கொள்ளும் என்று நினைத்தான். உடம்பு லேசாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அரைத் தூக்கத்தில் விரல், தினமும் செய்கிற பழக்கத்தில், திரையில் 'முடி' என்ற பொத்தானைத் தொட்டது. தொட வேண்டியது 'அழி'.

அது அவன் புத்தியில் உறைத்தபோது கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தான். சிக்னலும் வந்துவிட்டது. முன்பெல்லாம் ஆபீசுக்குப் போய்க் கம்பி மாட்டித்தான் பதிவை ஏற்ற வேண்டும். இப்போது தானே போய்விடுகிறது. திரையில் நீலக் கோடு ஓடி முடிந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். முக்கால் மணி நேரத்துக்கும் குறையாமல் தூங்கியிருந்தான். நொடிக்கு ஒரு புள்ளி. அத்தனையும் சிவப்பு. அத்தனையும் அந்தப் பொந்தில்.

ரமணன் உடனே கூப்பிட்டான். "சேகர் ப்ரோ, என்ன இது? பி-டூ ஃபிஃப்டி எயிட் பர்சென்ட் காட்டுது. அந்த டேங்க் பக்கம் அவ்வளவு மோசமா?"

"இல்ல ரமணன். அது தப்பு. நிறுத்தாம விட்டுட்டேன். அந்த எடம் சின்னது. நான் இப்பவே திரும்ப நடந்து குடுக்குறேன்."

"அட, எதுக்கு ப்ரோ? ரிப்போர்ட் ஆட்டோமேட்டிக்கா கிளையன்ட்டுக்கும் போயிருச்சு. அவன் பாத்துட்டு அங்க ஒரு ஆன்டெனா போடச் சொல்லிட்டான். பட்ஜெட்டும் ஓகே. நமக்கு நல்லதுதானே."

"வேண்டாத ஆன்டெனா அது. உண்மையா நடந்தா தளம் பாஸ் ஆகும்."

"வேண்டாததுன்னு எந்த கிளையன்ட் சொல்லியிருக்கான்?"

ஞானசேகரன் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு சொன்னான், "நான் அங்க தூங்கிட்டேன் ரமணன். ரெக்கார்டிங் ஓடிட்டே இருந்துச்சு."

ரமணன் சிரித்தான். நல்ல மனதோடுதான் சிரித்தான். "சரி விடுங்க. தூங்கியே ஒரு ஆன்டெனா வித்த ஆள் நீங்க ஒருத்தர்தான். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போங்க, ரெஸ்ட் எடுங்க."

ஞானசேகரன் அத்தோடு விடவில்லை. திங்கட்கிழமை கட்டட நிர்வாக அலுவலகத்துக்கே போய், மறுபடி அளந்து தருகிறேன், இலவசமாகவே செய்கிறேன் என்று கேட்டான். அங்கே இருந்த பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள். சிக்னல் வேண்டும் என்று சண்டை போட வந்தவர்களைப் பார்த்திருக்கிறாள், வேண்டாம் என்று வந்து நிற்கிறவனை இப்போதுதான் பார்க்கிறாள். ஆர்டர் போட்டாயிற்று என்றாள். வந்த புள்ளிகளை இடவாரியாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்று அவன் விளக்கினான். அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? அவளுக்கு இல்லை, அவளுக்கு மேலே இருந்தவருக்கும் இல்லை.

மரியம்மாளைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப் போட்டான். வேறு கட்டடங்கள் வந்தன. கால்கள் நடந்தன.

அடுத்த மாதம் ஆன்டெனா மாட்டியாயிற்று, சரிபார்க்க வேண்டும் என்று அவனையே அனுப்பினார்கள். இரும்புக் கதவைத் தள்ளினான். திருப்பம் திரும்பினான். பச்சை. படிக்கட்டுக்கு எதிரே கூரையில், கவிழ்த்து வைத்த சாஸர் மாதிரி வெள்ளையாக அது ஒட்டிக்கொண்டிருந்தது. பொந்தில் அட்டை இல்லை. வாளி நிமிர்ந்து நின்றது, அதில் தண்ணீர் இருந்தது. மரியம்மாள் துடைப்பக் கட்டையில் கொஞ்சம் சாய்ந்தபடி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதிவை நிறுத்தினான்.

"வாங்க தம்பி," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நல்லாருக்கீங்களா? மொகம் இன்னும் அப்படியேதான் இருக்கு."

"அம்மா, உங்ககிட்ட நான் அன்னிக்குச் சொன்னது..."

"விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். மேல இருக்குறவங்க போடச் சொன்னா போடணும். ரெண்டு தடவ கத்திருச்சு. மண்டோர் வந்து சத்தம் போட்டாரு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கு? மாசக் கடைசியோட வேலைய விட்டுர்றேன்னு சொல்லிட்டேன்."

"வேற வேல?"

"பாப்போம் லா. உக்காந்து செய்யிற வேலயா எவன் குடுக்குறான்."

சொல்லிவிட வேண்டும். மேலே இருக்கிறவர்கள் இல்லை, நான்தான். "அம்மா, மேல இருக்குறவங்க இல்ல. அன்னிக்கு மத்தியானம் நான் இங்க திரும்ப வந்தேன். வந்து..."

"தெரியுமே. தூங்கிட்டீங்க."

அவன் டேப்லெட்டைத் தாழ்த்தினான்.

"முட்டி வலி தாங்கல, இன்னும் கொஞ்சம் கால நீட்டலாம்னு திரும்ப வந்தேன். பாத்தா நீங்க. ஒத்தக் கால்ல ஷூ, ஒத்தக் கால்ல இல்ல. மடியில அந்த மிஷினு. அப்படி ஒரு தூக்கம். எழுப்ப மனசு வரல. யாருக்குப் பொறந்த புள்ளையோ, எத்தன நாளா தூங்கலயோன்னு நெனச்சேன். வெளிச்சம் மூஞ்சில அடிச்சுது, லைட்ட அணச்சேன். கார்பார்க் சத்தம் கேக்கக் கூடாதுன்னு கதவையும் சாத்திட்டேன். குப்ப தள்ளுற பங்களாதேஷ் பையன் வந்தான், அப்புறம் வான்னு திருப்பி அனுப்பிட்டேன். நீங்க எழுந்திரிக்கிற வரைக்கும் வெளிய வாளிய வச்சுக்கிட்டு, பட்ட கத்தாம இருக்க அங்கயும் இங்கயும் தொடச்சுக்கிட்டே இருந்தேன். கதவு சத்தம் கேட்டப்பறம்தான் உங்க கண்ணுல படாம தூண் பக்கமா நழுவிட்டேன்."

கதவையும் சாத்திவிட்டார். அந்தக் கதவு திறந்திருந்தால்கூடக் கொஞ்சம் மஞ்சள் கசிந்திருக்கும்.

"ஒரு நாளாவது அந்த எடம் உங்களுக்கும் ஒதவுச்சுல்ல தம்பி," என்றார் மரியம்மாள். "எனக்கு அதுல ஒரு சந்தோசம்."

இதற்கு மேல் உண்மையைச் சொன்னால் அது பாவமன்னிப்பு இல்லை, அந்த அம்மாளிடம் மிச்சமிருக்கிற ஒன்றையும் பிடுங்குவது. ஞானசேகரன் தலையை மட்டும் ஆட்டினான். கண் எரிந்தது. அவர் அதைத் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போயி நல்லா தூங்குங்க," என்றார்.

அப்போது அவர் மணிக்கட்டில் பட்டை கத்தியது. பேசிக்கொண்டு நின்றதில் பத்து நிமிடம் ஆகிவிட்டிருந்தது. மரியம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு, வலது காலை இழுத்தபடி, கதவைத் தள்ளிக்கொண்டு போனார். 

ஞானசேகரன் பதிவை ஓட விட்டு மிச்ச நடைபாதையை நடந்து முடித்தான். 'முடி' என்ற பொத்தானை இந்த முறை பார்த்துத்தான் தொட்டான். பையை இறக்குவதற்குள், படிக்கட்டுக்கு அடியில் அந்தப் பொந்துக்கு நேர் எதிரே, சட்டைப் பையில் கைபேசி அடித்தது. குரல் துளி பிசிறில்லாமல், பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது.

"சேகர் ப்ரோ, பி-டூ எவ்வளவு?"

"நூத்துக்கு நூறு," என்றான்.